இரண்டு ஊசித் துளைகள்

புத்தகம் அல்லாத ஒன்று வந்து சேர்ந்தால்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அருமனைக் கிளை நூலகத்தின் வரவுப் பதிவேட்டில்
தலைப்பு: விறகு ஈரமானி.
பக்கங்கள்: இல்லை.
ஆசிரியர் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது.
மழை என்று எழுதி, அடித்து,
கோடு போட்டேன்.

உள்ளங்கை நீளம்தான். நுனியில் இரண்டு ஊசி,
வயிற்றில் ஒரு சதுர பேட்டரி.
ஏழு நாள் தவணை, தாமதமானால் நாளுக்கு ஒரு ரூபாய்.
குறிப்புத்தாளை நானே எழுதி ஒட்டினேன்:
மேல்தோலில் குத்த வேண்டாம், அது பொய் சொல்லும்.
பிளந்து, பிளந்த முகத்தில் குத்துங்கள்.
இருபதுக்குக் கீழே என்றால் அடுப்புக்கு.
மேலே என்றால் பொறுங்கள்,
அது இன்னும் மரம்தான்.

முதலில் கொண்டுபோனவள் ஏசுவடியாள்.
சிற்றாறு பக்கம் பால்வெட்டு.
காற்றில் ஒடிந்த ரப்பர்க் கொம்புதான் அவள் விறகு.
"ஷீட்டுக்குப் புகைப்புரை,
எனக்க பிள்ளைகளுக்கு அடுக்களை" என்றாள்.
நான்காம் நாளே திரும்பக் கொண்டுவந்து
"நாப்பத்திமூணு" என்றாள் மெதுவாக,
காய்ச்சலின் அளவைச் சொல்வதுபோல.

அப்புறம் சாயக்கடை சுலைமான்.
டிப்போவில் நிறுத்து வாங்கிய புளிமுட்டியைப் பிளந்து
குத்திப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தார்,
கையில் கணக்குப் போட்ட சிகரெட் அட்டை.
"நூறு கிலோவில முப்பது கிலோ தண்ணி, சார்.
தண்ணிய சூடாக்கி விக்கியது எனக்க பொழப்பு.
எனக்கே தண்ணிய விக்கியாரா?"

நாளிதழ் மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
சிரிப்பு சாலையைக் கடந்து
டிப்போவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்.

மறுநாள் செல்லநேசன் வந்தார்.
எதிரே இருபது வருடமாக மரம் நிறுப்பவர்,
ஒருநாளும் இந்தப் படி ஏறாதவர்.
காப்புத்தொகை கட்டினார், உறுப்பினரானார்,
கையெழுத்திட்டு
ஈரமானியை மடியில் முடிந்துகொண்டு போனார்.

ஏழு நாள். பதினான்கு. இருபது.
இடவப்பாதி இறங்கிவிட்டது.
முன்பதிவு நோட்டில் பதினொரு பெயர்.
அஞ்சலட்டை போட்டேன்; பதிலில்லை.
சாலையிலிருந்து கேட்டால்
"அபராதம் தாறேன்" என்றார், தராசைப் பார்த்தபடி.
ஒரு ரூபாய்க்கு இத்தனை மலிவாக
ஒரு ஊரின் வாயை யாரும் அடைத்ததில்லை.

நாற்பத்தோராம் நாள்,
குடையை மடக்காமல் வாசலில் நின்று
முப்பத்திநான்கு ரூபாயை எண்ணி வைத்தார்,
பக்கத்தில் ஈரமானி.
"பேட்டரி தீந்துபோச்சு."

மேசை இழுப்பறைக்குள் கிடக்கிற ஒன்றுக்கு
பேட்டரி அப்படித் தீராது.
நான் ரசீது எழுதினேன்.
புதிய பேட்டரியை எந்தச் செலவினத்தில் சேர்ப்பது
என்று தெரியாமல் என் பையிலிருந்தே வாங்கினேன்.

அடுத்த வாரம் சாயா குடிக்கப் போனபோது பார்த்தேன்:
அடுப்போரம் அடுக்கியிருந்த முட்டிகளில்,
பிளந்த முகங்களில்,
பாம்பு கொத்தியதுபோல் இரண்டிரண்டு புள்ளி.
டிப்போ சுவரில் சுண்ணாம்பில் இரண்டு வரி:
காய்ந்தது பத்து. பச்சை ஆறு.
"ரெண்டு ரூபா கூட்டிட்டாரு" என்று
சுலைமான் இப்போது வேறு கணக்குப் போடுகிறார்.
ஆனால் கடைக் கூரையில் நீலம் மெலிந்திருக்கிறது.
கண்ணைக் கசக்காமல் தினத்தாள் வாசிக்கலாம்.

ஏசுவடியாளுக்குப் பத்தும் இல்லை, ஆறும் இல்லை.
இந்த மழைக்கு ஒடிந்த கொம்புகளை
அடுத்த மழைக்கென்று
கட்டிலுக்கடியில் அடுக்குகிறாள்.
மாதம் ஒருமுறை வந்து ஈரமானி கேட்கிறாள்.
நேற்று முப்பத்தொன்று.

மூடும் நேரம். வெளியே பேய்மழை.
ஆள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு
பழைய அகராதி ஒன்றின் அட்டைமேல்
குத்தாமல், மெல்ல, ஊசிகளை வைத்தேன்.

பத்தொன்பது.

என் குறிப்புத்தாளின்படி அடுப்புக்குச் சரி.
அவசரமாக அணைத்து
இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.